கேலக்ஸியின் வடிவத்தைச் சூழல் மாற்றியதா? கோமா கொத்தை வைத்துக் கண்டறியும் முறை

கேலக்ஸிக் கொத்துகளின் (ஈர்ப்பால் பிணைந்த பெரும் கேலக்ஸிக் கூட்டங்களின்) நடுப்பகுதியில் சுருள் கேலக்ஸிகள் அரிது. நெரிசல் இல்லாத இடங்களில் அவைதான் பெரும்பான்மை. ஆலன் டிரெஸ்லர் 1980-இல் 55 கொத்துகளில் சுமார் 6,000 கேலக்ஸிகளை வகைப்படுத்தி இதற்கு எண் கொடுத்தார். தனித்த பகுதிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுருளும் ஒழுங்கற்றவையும். மிக நெரிசலான பகுதிகளில் அது 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. மிச்ச 90-இல் 40 நீள்வட்டம், 50 எஸ்0. வட்டு உண்டு, சுருள்கை இல்லை என்ற இடைப்பட்ட வகைதான் எஸ்0.

இந்த எண்களைப் பார்த்த கையோடு, "கொத்துக்குள் விழுந்த சுருள் எஸ்0 ஆகிவிடுகிறது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கொத்தின் நடுவில் இருப்பவை பெரும்பாலும் நிறை மிகுந்தவை. நிறை மிகுந்த கேலக்ஸி எங்கே இருந்தாலும் சுருளாக இருக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆகவே நிறையைக் கட்டிவைத்துவிட்டு, அதாவது ஒரே அளவு நிறையுள்ளவற்றை மட்டும், ஒப்பிட வேண்டும். அடுத்ததாக, மாறியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்: வாயுவா, நிறமா, விண்மீன்களின் அமைப்பா? பெரும்பாலும் இந்த வரிசையில்தான் மாற்றம் நடக்கும். வாயு முதலில் போகும், நிறம் பிறகு சிவக்கும், அமைப்பு கடைசியில் மாறும், அல்லது மாறாமலேயே நின்றுவிடும். கைகள் தெளிவாகத் தெரிகிற சிவப்புச் சுருள்கள் வானில் நிறையவே இருக்கின்றன.

என்னென்ன வேண்டும்

சாதாரண மடிக்கணினி போதும். பட்டியல்களைத் திறக்கவும் இணைக்கவும் டாப்கேட், படங்களைப் பார்க்க அலடின், கொஞ்சம் பைத்தான். தரவுக்கு, ஸ்லோன் வான ஆய்வின் அளவீடுகளிலிருந்து தொகுத்த நாசா-ஸ்லோன் அட்லஸ் என்ற ஒரே கோப்பில் தொடங்குவது நல்லது. செம்பெயர்ச்சி (கேலக்ஸி விலகிப்போகும் வேகத்தைக் காட்டும் அளவு), விண்மீன் நிறை, நிறம், செர்சிக் எண் (ஒளி நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்ற அளவு), அச்சு விகிதம் எல்லாம் அதிலேயே உள்ளன. பெரிய கேலக்ஸிகளைச் சுற்றிப் பின்னணி வான ஒளியைக் கழிப்பதையும் அதில் மறுபடி செய்திருக்கிறார்கள். அதனுடன், பொதுமக்கள் படம் பார்த்து வாக்களித்து வகைப்படுத்திய கேலக்ஸி ஸூ பட்டியலை 3 ஆர்க்நொடி வட்டத்துக்குள் பொருத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோமா கொத்தை (ஏபெல் பட்டியலில் எண் 1656) எடுப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இருக்கிறது, நம் பால்வெளியின் தூசு குறுக்கே வராத திசையில் இருக்கிறது, ஸ்லோன் ஆய்வு முழுதாக மூடியிருக்கிறது. நடு: வல ஏற்றம் 194.95 பாகை, நடுவரை விலக்கம் +27.98 பாகை, செம்பெயர்ச்சி 0.0231. தூரம் சுமார் 100 மெகாபார்செக் (1 மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு), தூரக் குறியெண் (தோற்ற ஒளியளவுக்கும் தனி ஒளியளவுக்கும் உள்ள வித்தியாசம்) 35.0. வானில் 1 ஆர்க்நொடி அங்கே 0.47 கிலோபார்செக், 1 பாகை சுமார் 1.7 மெகாபார்செக். திசைவேகப் பரவல் (உறுப்பினர்களின் வேகம் சராசரியிலிருந்து சிதறும் அளவு) நொடிக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. இவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

படி 1: உறுப்பினர்களைப் பிரித்தெடுத்தல்

நடுவிலிருந்து 3 பாகை ஆரத்துக்குள் (சுமார் 5 மெகாபார்செக்) உள்ள எல்லாவற்றையும் எடுங்கள். அவற்றில் கொத்தின் சராசரித் திசைவேகத்திலிருந்து நொடிக்கு 3,000 கி.மீ.க்குள் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; செம்பெயர்ச்சியில் இது 0.013 முதல் 0.033 வரை. வித்தியாசத்தைக் கணக்கிடும்போது செம்பெயர்ச்சி வேறுபாட்டை 1.0231-ஆல் வகுக்க மறக்காதீர்கள். கோமாவில் பிழை 2 விழுக்காடுதான், ஆனால் தொலைவுக் கொத்துகளுக்குப் போனால் அதே மறதி பெரிதாகக் கடிக்கும்.

இங்கே ஒரு பொறி. செம்பெயர்ச்சியை அளக்க ஸ்லோன் கருவியில் ஒரு கேலக்ஸிக்கு ஓர் ஒளியிழை வைத்தார்கள்; இரண்டு ஒளியிழைகளை 55 ஆர்க்நொடிக்குக் குறைவான இடைவெளியில் வைக்க முடியவில்லை. முழு ஆய்வில் இதனால் விடுபட்டவை சுமார் 6 விழுக்காடு. கொத்தின் நடுவில், அதாவது நாம் ஆராய வந்த இடத்திலேயே, இழப்பு அதைவிட அதிகம். செம்பெயர்ச்சி இல்லாத பிரகாசமான கேலக்ஸிகளை நெட் (NED) என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் தேடி நிரப்புங்கள். அதன் பிறகும் மிஞ்சுபவற்றை எண்ணி, நடுவிலும் விளிம்பிலும் எத்தனை விழுக்காடு நிறைவு என்று குறித்துவையுங்கள்.

படி 2: ஒரே தூரம், ஒரே அலகு

கொத்துக்குள் செம்பெயர்ச்சியைத் தூரமாக மாற்றக் கூடாது. உறுப்பினர்கள் நொடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறார்கள்; அதை ஹபிள் விதியில் போட்டால் தூரத்தில் 14 மெகாபார்செக் பிழை வரும். 100-க்கு 14. ஒளியளவில் 0.3 மேக்னிட்யூட் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் அலகு), நிறையில் சுமார் 30 விழுக்காடு. எல்லா உறுப்பினருக்கும் 100 மெகாபார்செக் என்றே வைத்து, பட்டியல் தரும் நிறையைத் தூர விகிதத்தின் இருமடியால் திருத்துங்கள்.

அட்லஸில் நிறையும் தனி ஒளியளவும் (தூரத்தின் விளைவை நீக்கிய உண்மைப் பிரகாசம்) ஹபிள் மாறிலி 100 என்ற கணக்கில் இருக்கும். 70-க்கு மாற்ற நிறையை 0.49-ஆல் வகுக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ இருமடங்கு. ஒளியளவில் 0.77 கழிக்க வேண்டும். இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, கோமா கேலக்ஸிகள் எல்லாம் இருமடங்கு பருத்தவை என்ற "கண்டுபிடிப்பு" வருவது சகஜம்.

ஸ்லோனின் முதன்மை மாதிரி 17.77 மேக்னிட்யூடோடு நிற்கிறது. ஒப்பீட்டு மாதிரி (படி 5-இல் எடுக்கப்போகும் தனித்த கேலக்ஸிகள்) 0.033 செம்பெயர்ச்சி வரை போவதால், அங்கே தெரியும் மிக மங்கலான தனி ஒளியளவு சுமார் −18. அதே ஒளிக்குச் சிவப்புக் கேலக்ஸி நீலத்தைவிட அதிக நிறை கொண்டது. எனவே நிறை வரம்பைச் சிவப்பை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 3×10⁹ சூரிய நிறைக்கு மேல் என்று வைத்தால் பாதுகாப்பு.

படி 3: நெரிசலை எண்ணாக்குதல்

எளிய அளவு, ஐந்தாவது அண்டைக் கேலக்ஸிக்கு உள்ள தூரம். ஒவ்வொரு கேலக்ஸிக்கும் நொடிக்கு 3,000 கி.மீ. வேறுபாட்டுக்குள் உள்ள அண்டைகளை வானில் தூர வரிசையில் அடுக்கி, ஐந்தாவதன் தூரத்தை எடுங்கள். அந்த ஆரமுள்ள வட்டத்தின் பரப்பால் 5-ஐ வகுத்தால் நெரிசல் கிடைக்கும். தூரம் 0.3 மெகாபார்செக் என்றால் சதுர மெகாபார்செக்குக்கு சுமார் 18. தூரம் 1 என்றால் 1.6. அண்டைகளை எண்ணும்போதும் அதே −18 ஒளி வரம்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள கொத்துகள் மட்டும் நெரிசலாகத் தெரியும்.

3 பாகை எல்லைக்கு அருகில் உள்ள கேலக்ஸியின் ஐந்தாவது அண்டை எல்லைக்கு வெளியே இருக்கலாம். எல்லைக்கான தூரம் அண்டைத் தூரத்தைவிடக் குறைவாக இருப்பவற்றை நீக்கிவிடுங்கள்.

இதனுடன் இன்னொரு வரைபடம் கட்டாயம் போடுங்கள். கிடை அச்சில் நடுவிலிருந்து உள்ள தூரம் (கொத்தின் எல்லையாகக் கொள்ளும் ஆர்200 என்ற ஆரத்தால், கோமாவுக்குச் சுமார் 2 மெகாபார்செக்கால், வகுத்தது), நிலை அச்சில் திசைவேக வித்தியாசம் (1,000-ஆல் வகுத்தது). நடுவுக்கு அருகில் வேகம் மிகுந்து நிற்பவை பெரும்பாலும் இப்போதுதான் விழுபவை. நடுவிலேயே வேகம் குறைந்து திரண்டிருப்பவை பழைய குடிகள். ஆர்200-க்கு வெளியே இருப்பவற்றை எல்லாம் புதியவை என்று நினைக்காதீர்கள். அவற்றில் கணிசமானவை ஏற்கெனவே ஒருமுறை நடுவைக் கடந்து வெளியே வந்தவை. நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் போனால் 100 கோடி ஆண்டில் ஏறத்தாழ 1 கிலோபார்செக் கடக்கலாம். இந்தக் குறுக்குவழிப்படி 1,000 கி.மீ. வேகத்தில் கோமாவின் ஆரத்தைக் கடக்க 200 கோடி ஆண்டு.

படி 4: வடிவத்தை அளத்தல்

இங்கேதான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

கேலக்ஸி ஸூ வாக்குகள் சுருளை மற்றவற்றிலிருந்து பிரிக்கும். எஸ்0-வை நீள்வட்டத்திலிருந்து பிரிக்காது. முதல் தொகுப்பில் எஸ்0-க்களில் பெரும்பாலானவை நீள்வட்டப் பக்கமே விழும். பாதி மக்கள் எஸ்0 ஆக இருக்கும் கொத்தின் நடுவில் இது சின்ன விஷயம் இல்லை. மேலும் 80 விழுக்காடு வாக்கு என்று வரம்பு வைத்தால் பாதிக்கும் மேற்பட்டவை "உறுதியில்லை" என்று கழிந்துபோகும். வரம்பு வைப்பதைவிட, தொலைவுச் சார்பு திருத்திய வாக்கு விகிதத்தை எடையாக வைத்துக் கூட்டுவது மேல்.

செர்சிக் எண் வேறு விதமான அளவு. தூய வட்டுக்கு 1, பெரிய நீள்வட்டத்துக்கு 4 அல்லது அதற்கு மேல். கால்ஃபிட் என்ற நிரலைக் கொண்டு கேலக்ஸியின் ஒளிப் பரவலை நீங்களே பொருத்துவதாக இருந்தால், அண்டைக் கேலக்ஸிகளை மறைக்க வேண்டும். மேலே படிந்திருந்தால் சேர்த்தே பொருத்த வேண்டும். கோமாவின் நடுவில் உள்ள பெரிய கேலக்ஸிகளான என்.ஜி.சி. 4874, என்.ஜி.சி. 4889 இரண்டையும் சுற்றி மிகப் பெரிய மங்கல் ஒளி பரவியிருக்கிறது. அதற்குள் கிடக்கும் சிறு கேலக்ஸியை நேரடியாகப் பொருத்தினால் வருவது குப்பைதான். முதலில் பெரியதன் ஒளியைப் பொருத்திக் கழித்துவிட்டுச் சிறியதற்கு வாருங்கள். பின்னணியைக் குறைவாகக் கழித்தால் விளிம்பு நீண்டு, செர்சிக் எண் ஏறும். அதிகமாகக் கழித்தால் எண்ணும் ஆரமும் சேர்ந்து சுருங்கும். முடிவு சரியா என்று பார்க்க, பின்னணி மதிப்பை அதன் பிழையளவு கூட்டியும் குறைத்தும் மறுபடி ஓட்டுங்கள். எண் 2-லிருந்து 4-க்குத் தாவினால் அந்தக் கேலக்ஸியை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். நிரல் அனுமதிக்கும் உச்ச எண்ணில் முட்டி நிற்பவற்றையும் அப்படியே ஒதுக்குங்கள்.

அச்சு விகிதம் 0.3-க்குக் கீழே, விளிம்பு தெரிய நிற்கும் வட்டுகளைத் தனியாக வையுங்கள். உள்ளே உள்ள தூசால் சாதாரணச் சுருள்கூடச் சிவப்பாகத் தெரியும், கைகளும் தெரியாது. இரண்டும் சேர்ந்து அதை அப்பட்டமான எஸ்0 ஆக்கிவிடும்.

இனி, அனுபவசாலிகளே சறுக்கும் இடம். ஒரு சுருளில் நடுவீக்கத்தின் (நடுவில் புடைத்திருக்கும் விண்மீன் திரளின்) ஒளி 1 பங்கு, வட்டின் ஒளி 3 பங்கு என்று வைப்போம். நடுவீக்க விகிதம் 25 விழுக்காடு. கொத்துக்குள் வந்து புது விண்மீன் பிறப்பு நின்றால், வட்டில் உள்ள நீல விண்மீன்கள் அணைந்து வட்டு 1 மேக்னிட்யூட் மங்கும். ஒளி 3-லிருந்து 1.2-க்கு இறங்கும். நடுவீக்கம் பழையது, அது அப்படியே இருக்கும். இப்போது மொத்த ஒளி 2.2-இல் நடுவீக்கம் 1, அதாவது 45 விழுக்காடு. செர்சிக் எண்ணும் ஏறியிருக்கும், அரை ஒளி ஆரமும் குறைந்திருக்கும். ஆனால் ஒரு விண்மீன்கூட இடம் மாறவில்லை! இதை "நடுவீக்கம் வளர்ந்தது" என்று எழுதினால் தப்பு. சோதிக்க வழி இருக்கிறது: அதே பொருத்தலை ஜி பட்டையிலும் (நீலப்பச்சை ஒளி) இஸட் பட்டையிலும் (அகச்சிவப்பை ஒட்டிய ஒளி) செய்யுங்கள். ஒப்பீட்டு மாதிரியிலிருந்து உள்ள வித்தியாசம் ஜி-யில் பெரிதாகவும் இஸட்-டில் சிறிதாகவும் இருந்தால் அது வட்டு மங்கியதன் விளைவு. இரண்டிலும் ஒரே அளவாக இருந்தால்தான் நிறைப் பரவலே மாறியிருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கலாம்.

வேறொரு கொத்தை எடுக்கிறீர்கள் என்றால் படத்தின் கூர்மையைக் கவனியுங்கள். ஸ்லோன் படத்தின் 1.3 ஆர்க்நொடி மங்கல் கோமாவில் 0.6 கிலோபார்செக், செம்பெயர்ச்சி 0.1-இல் அது 2.4 ஆகிவிடும். மெல்லிய கைகள் அங்கே கரைந்துபோகும். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் பக்கத்துப் படத்தைச் செயற்கையாக மங்கலாக்கிவிட்டு அளக்க வேண்டும்.

படி 5: நிறை வாரியாக ஒப்பிடுதல்

மூன்று நிறைக் கட்டு (சூரிய நிறையில் அளந்த பிரிவு) போதும்: 3×10⁹ முதல் 10¹⁰ வரை, 10¹⁰ முதல் 3×10¹⁰ வரை, அதற்கு மேல். ஒவ்வொன்றிலும் கொத்து உறுப்பினரையும், அதே செம்பெயர்ச்சி எல்லைக்குள் எந்தக் குழுவிலும் (கொத்தைவிடச் சிறிய கூட்டத்திலும்) சேராத கேலக்ஸிகளையும் பக்கத்தில் வைத்துச் சுருள் விகிதம், சிவப்பு விகிதம், செர்சிக் எண்ணின் இடைநிலை மூன்றையும் கணக்கிடுங்கள். ஒப்பீட்டுக்கான தனித்த கேலக்ஸிகளைக் கோமாவைச் சுற்றியே எடுக்க வேண்டாம். கோமாவும் ஏபெல் 1367-உம் ஒரே பெருங்கொத்தின் பகுதிகள். இடைப்பட்ட வெளியும் வெறுமை அல்ல. வானின் வேறு பக்கம் போங்கள்.

20 கேலக்ஸியில் 12 சிவப்பு என்றால் 60 விழுக்காடு, ஆனால் பிழை 11 விழுக்காடு. 50-க்கும் 60-க்கும் வித்தியாசம் கண்டேன் என்று சொல்ல 20 போதாது.

நிறையைக் கட்டிவைத்த பிறகு, சூழலோடு நிறம் வலுவாக மாறுவதையும் வடிவம் அதைவிட மெதுவாக மாறுவதையும் பார்ப்பீர்கள். சிறிய நிறைக் கட்டில் வித்தியாசம் தூக்கலாக இருக்கும். கேலக்ஸி ஸூ தரவில் வந்த ஆய்வுகளும் இதையே காட்டின. உங்கள் வரைபடத்தில் நேர்மாறாக வந்தால், முதலில் படி 2-ஐ மறுபடி சரிபாருங்கள்.

படி 6: செய்தது யார்?

தனிக் கேலக்ஸிகளைப் பார்க்கும்போது ஒரே கேள்வி: வாயு மட்டும் குலைந்திருக்கிறதா, விண்மீன்களும் சேர்ந்து குலைந்திருக்கின்றனவா? ஈர்ப்பு இரண்டையும் இழுக்கும். காற்றழுத்தம் வாயுவை மட்டுமே தள்ளும்.

கொத்துக்குள் சூடான வாயு நிரம்பியிருக்கிறது. அதற்குள் பாயும் கேலக்ஸிக்கு, பைக்கில் போகிறவர் முகத்தில் அடிப்பது போல எதிர்காற்று அடிக்கும். 1972-இல் கன் (Gunn), காட் (Gott) என்ற இரு வானியலாளர்கள் கொடுத்த கணக்கு எளிது: அழுத்தம் என்பது வாயு அடர்த்தி × வேகத்தின் இருமடி. பிடித்துவைக்கும் விசை 2 × பை × ஈர்ப்பு மாறிலி × விண்மீன் பரப்படர்த்தி × வாயுப் பரப்படர்த்தி. போட்டுப் பார்ப்போம்.

கொத்து: கன சென்டிமீட்டருக்கு 0.001 புரோட்டான், நொடிக்கு 1,500 கி.மீ. அழுத்தம் 3.8×10⁻¹² பாஸ்கல்.

வட்டின் நடுத்தரப் பகுதி: சதுர பார்செக்குக்கு 100 சூரிய நிறை விண்மீன், 10 சூரிய நிறை வாயு. பிடிமானம் 1.8×10⁻¹² பாஸ்கல். காற்று வெல்கிறது, வாயு போய்விடும்.

வட்டின் உட்பகுதி: 500-உம் 20-உம். பிடிமானம் 1.8×10⁻¹¹. வாயு தங்கிவிடும்.

குழு: கன சென்டிமீட்டருக்கு 0.0001 புரோட்டான், 300 கி.மீ. அழுத்தம் 1.5×10⁻¹⁴, கொத்தைவிட 250 மடங்கு குறைவு. இந்த வட்டை அசைக்காது.

ஆகவே கொத்தில் எதிர்பார்க்க வேண்டிய அடையாளம், விளிம்பில் வெட்டுண்டு நடுவில் மட்டும் வாயு உள்ள வட்டு. கன்னிக் கொத்தில் உள்ள என்.ஜி.சி. 4522 இதற்குப் பாட உதாரணம்: ஹைட்ரஜன் வாயு சுமார் 3 கிலோபார்செக் ஆரத்தோடு நின்றுவிடுகிறது, கொஞ்சம் வட்டுக்கு ஒரு பக்கமாக மேலே தூக்கி நிற்கிறது, விண்மீன் வட்டோ கலையாமல் இருக்கிறது. கோமாவில் டி100 என்ற சிறு கேலக்ஸியின் நடுவிலிருந்து சுமார் 60 கிலோபார்செக் நீளத்துக்கு ஒல்லியான வாயு வால் நீள்கிறது. சாதாரண வண்ணப் படத்தில் அது தெரியாது. எச்-ஆல்ஃபா வடிகட்டி (ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பு ஒளியை மட்டும் விடுவது) வைத்து எடுத்த ஆழமான படம் வேண்டும். படத்தில் வால் காணோம் என்பதால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஹைட்ரஜன் அளவுக்கு, அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியால் எடுத்த ஆல்ஃபால்ஃபா பட்டியல் கோமாவையும் மூடுகிறது. அதே அளவும் வகையும் கொண்ட தனித்த கேலக்ஸியில் எதிர்பார்க்கும் வாயு நிறையின் மடக்கையிலிருந்து அளந்த நிறையின் மடக்கையைக் கழியுங்கள். 0.3 வந்தால் பாதி வாயு போயிருக்கிறது. ஆனால் 2020-இல் இடிந்துபோன அந்தத் தொலைநோக்கியின் கற்றை அகலம் (ஒரே நேரத்தில் பார்க்கும் வான்பரப்பு) சுமார் 3.5 ஆர்க்நிமிடமாக இருந்தது, கோமா தூரத்தில் கிட்டத்தட்ட 100 கிலோபார்செக். நெரிசலான இடத்தில் பக்கத்து வீட்டு வாயுவும் இதன் கணக்கில் ஏறிவிடும்.

வால் எதுவும் இல்லை, வட்டு முழுக்க ஒரே சீராக மங்கியிருக்கிறது என்றால், வெளியிலிருந்து வரும் புது வாயு நின்றுபோய், இருந்ததைச் செலவழித்து ஓய்ந்த வகையாக இருக்கலாம். இது மெதுவான வழி. படத்தை மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது, நிறமாலையிலிருந்து கணக்கிட்ட விண்மீன் வயது வேண்டும்.

படி 7: குழுக்களை விட்டுவிடாதீர்கள்

புதியவர்கள் கொத்தோடு நின்றுவிடுகிறார்கள். உருவத்தை உண்மையிலேயே பெயர்க்கும் வேலை குழுக்களில்தான் அதிகம். இரண்டு கேலக்ஸிகள் இணைய வேண்டுமானால் சந்திக்கும் வேகம் அவற்றின் உள் வேகத்தோடு, நொடிக்கு சுமார் 200 கி.மீ.யோடு, ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். குழுவில் அப்படித்தான் இருக்கிறது. கொத்தில் 1,000-க்கு மேல் வேகத்தில் உரசிவிட்டு ஓடிவிடுவார்கள். பலமுறை உரசினால் மெல்லிய வட்டு தடிக்கும், அவ்வளவுதான். எம்81, எம்82, என்.ஜி.சி. 3077 மூன்றுக்கும் இடையே நீளும் ஹைட்ரஜன் பாலங்களைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் படத்தில் மூன்றும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல நிற்கும்; ரேடியோ படத்தில் ஒரே சிக்கல்.

குழுப் பட்டியல்களில் மூன்று உறுப்பினர் மட்டும் உள்ள குழுக்களின் திசைவேகப் பரவலை நம்பிக் குழுவின் நிறையைக் கணக்கிட வேண்டாம், பல மடங்கு பிசகும். மொத்த விண்மீன் ஒளியை வைத்துக் கொடுத்த நிறையே பரவாயில்லை. குழுவின் நடுக் கேலக்ஸியையும் துணைக் கேலக்ஸிகளையும் ஒரே கூடையில் போடாதீர்கள். நடுவில் இருப்பது மற்றவற்றை விழுங்கி வளர்வது, துணைகள் இழப்பவை.

தற்செயலாக ஒரே திசையில் தெரிபவையும் ஏமாற்றும். ஸ்டீஃபன் ஐவர் என்ற ஐந்து கேலக்ஸிக் கூட்டத்தில் என்.ஜி.சி. 7320-இன் திசைவேகம் நொடிக்கு சுமார் 800 கி.மீ., மற்றவை ஏறத்தாழ 5,800 முதல் 6,700 வரை. அது முன்னால் நிற்கும் வேற்றாள். மோதலில் சிக்கிய ஐந்தாவது ஆளாக அதை எண்ணியிருந்தால் முழு விளக்கமும் கோணலாகியிருக்கும்.

கோமாவிலேயே கடைசிப் பயிற்சி இருக்கிறது. நடுவிலிருந்து தென்மேற்கே சுமார் 40 ஆர்க்நிமிடத்தில் என்.ஜி.சி. 4839-ஐச் சுற்றி ஒரு குழு, கொத்தோடு கலந்துகொண்டிருக்கிறது. அதன் உறுப்பினர்களைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதே நிறையுள்ள தனித்த குழுக்களின் உறுப்பினரோடு படி 5-இன்படி ஒப்பிடுங்கள். சிவப்பு விகிதமும் செர்சிக் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், மாற்றம் குழுவிலேயே நடந்து முடிந்திருக்கிறது. கோமாவுக்கு அதில் பங்கில்லை. வித்தியாசம் இருந்தால், அது நிறத்தில் மட்டுமா, இஸட் பட்டை வடிவத்திலும் தெரிகிறதா என்று பாருங்கள்.